கக்குவானுக்குப் பட்டி போதுமா?

போன ஆடியில் என் தங்கச்சியின் மகளுக்கு மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாளுக்கு லண்டன் சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார் என்று வீட்டில் ஒரே அமளி. அந்தக் கிழமைதான் குடும்ப வட்ஸ்அப் குழுவில் லண்டனில் இருந்து வந்த ஒரு குரல்பதிவு சுற்றத் தொடங்கியது. பேசியது யார் என்று தெரியாது, பேச்சு மட்டும் நம்முடைய பேச்சு. "இஞ்ச கக்குவான் பரவுது. வந்ததெல்லாம் ஊசி போட்ட புள்ளையளுக்குத்தான். மந்தை எதிர்ப்பு எண்டுறதெல்லாம் கம்பனிக்காரன்ட கதை."

மருமகள் போன் எடுத்துக் கேட்டாள்: "மாமா, அப்ப ரெண்டாம் மாச ஊசியப் போடுறதா, விடுறதா?"

போடு என்றேன். அதைச் சொல்ல ஒரு வினாடி போதும். ஆனால் அந்தக் குரல்பதிவில் பாதி உண்மை இருக்கிறது. முழுவதையும் பொய் என்று தள்ளிவிட்டால், நாளைக்கு அந்தப் பாதியை யாராவது எடுத்துக் காட்டும்போது நாம் சொன்ன மற்றதையும் சனம் நம்பாது. ஆகவே அந்தப் பாதி எது என்று பார்த்துவிடுவது நல்லது.

முதலில் நோய். எங்கள் அம்மம்மா இதைக் குக்கல் என்பார். பொர்டெட்டெல்லா பெர்டுசிஸ் என்ற பக்டீரியாவால் வருவது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜூல் போர்டே, ஒக்டாவ் ஜெங்கு என்ற இருவர் 1906இல் அதைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். தொற்றிய ஆளுக்கு முதல் ஒன்று இரண்டு கிழமை சாதாரணத் தடிமன் மாதிரித்தான் இருக்கும். மூக்கு ஓடும், இலேசாக இருமும். நோய் மற்றவருக்கு மிக எளிதாகத் தொற்றுவது அந்தக் காலத்தில்தான். அப்போது பார்க்கிற டொக்டருக்கும் அது கக்குவான் என்று தோன்றாது. மறுகா வருவதுதான் பெயர்போன இருமல். மூச்சு எடுக்க இடம் கொடுக்காமல் பத்து இருபது தடவை அடுக்கடுக்காக இருமி, முகம் சிவந்து, கடைசியில் காற்றை உள்ளே இழுக்கும்போது 'ஊப்' என்று ஒரு கூவல். அதோடு வாந்தி. சீனர்கள் இதற்கு வைத்த பெயர் நூறு நாள் இருமல்.

பக்டீரியாவைக் கொல்ல மருந்து உண்டு. எரித்ரோமைசின், அசித்ரோமைசின் போன்றவை. ஆனால் அந்தக் கிருமி விடுகிற நச்சு, மூச்சுக்குழாயின் உட்சுவரைக் கெடுத்துவிட்ட பிறகு கிருமி செத்தாலும் இருமல் போகாது. புண் ஆறும்வரை இருமித்தான் தீர வேண்டும். வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடித்தால் பெரியவர்களுக்குத் தொண்டைக்கு இதமாக இருக்கும், நானும் குடிப்பேன். கைக்குழந்தைக்கு வந்த கக்குவானை அது ஒன்றும் செய்யாது.

கைக்குழந்தைக்கு அந்தக் கூவலே வராமலும் போகலாம். கூவுவதற்கு மூச்சை இழுக்கும் பலம் வேண்டுமே. இரண்டு மாதப் பிள்ளைக்கு இருமலுக்குப் பதிலாக மூச்சு நின்று நின்று வரும், உதடு நீலம் பூக்கும். பெரியவருக்கு இரண்டு மாதத் தொல்லையாக முடிகிற நோய், மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு உயிராபத்து. ஊசி எட்டாத வயதில் இருக்கும் இந்தப் பிள்ளைகளைச் சுற்றியுள்ளவர்கள் காக்க முடியுமா என்பதுதான் மந்தை எதிர்ப்பு விவாதத்தின் மையம்.

ஊரில் போதிய அளவு பேருக்கு எதிர்ப்பு இருந்தால், நோய் பரவ வழியில்லாமல் எதிர்ப்பு இல்லாதவரும் தப்புவார்கள் என்பதுதான் மந்தை எதிர்ப்பு. மந்தை என்ற சொல் பலருக்குக் குத்துகிறது. எங்களை ஆடு மாடு என்கிறார்களா என்று கோபப்படுகிறார்கள். கூட்டு எதிர்ப்பு, சமூக எதிர்ப்பு என்றெல்லாம் மாற்றிச் சொல்லிப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. எங்கள் பக்கம் இதைப் பட்டி என்போம். கிரான், சித்தாண்டிப் பக்கத்து மாட்டுக்காரர்கள் பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டியை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். புதிதாக வாங்கிய மாட்டைப் பட்டியில் விடும்போது யோசிக்காத பட்டிக்காரர் இல்லை. உண்மையில் இந்தக் கருத்து பிறந்ததும் மாட்டில் இருந்துதான். 1910களில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் ஒரு தொற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்காரர்கள் நோய்ப்பட்ட பசுவை விற்றுவிட்டுப் புதிது வாங்குவார்கள், நோய் திரும்ப வரும். கான்சாஸில் இருந்த ஜோர்ஜ் பொட்டர் என்ற கால்நடை மருத்துவர் விற்காதே என்றார். நோய் வந்து தேறிய பசுவை வைத்திரு, கன்றை அங்கேயே வளர், வெளிமாட்டைக் கொண்டுவராதே. புது விறகு போடாவிட்டால் நெருப்பு தானாக அணையும் என்பது அவர் கணக்கு. பிறகு 1923இல் இங்கிலாந்தில் டொப்லி, வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆய்வுகூட எலிகளை வைத்து இதே கேள்வியை எழுப்பினார்கள். மந்தை எதிர்ப்பு என்ற சொல் மருத்துவ நூல்களுக்குள் நிலையாக வந்தது அதற்குப் பிறகு.

கணக்கு இப்படிப் போகிறது. எதிர்ப்புச் சக்தி எதுவும் இல்லாத ஓர் ஊரில் ஒரு கக்குவான் நோயாளி சராசரியாக 12 முதல் 17 பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக உள்ள மதிப்பீடு. சின்னமுத்துவும் (தட்டம்மை) ஏறத்தாழ இதே அளவு. 12 பேரில் 11 பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் அந்த நோயாளி ஒருவருக்குத்தான் கொடுப்பார். அதற்கும் மேலே எதிர்ப்பு இருந்தால் ஒருவருக்கும் குறைவு, நெருப்புத் தணிந்துகொண்டே போகும். இந்தக் கணக்கில் கக்குவானுக்கு ஊரில் 92 முதல் 94 வீதமானவர்கள் எதிர்ப்போடு இருக்க வேண்டும்.

இலங்கையில் கைக்குழந்தைகளுக்கான ஊசி 95 வீதத்துக்கு மேல் போய்ச் சேருகிறது. அப்ப சரிதானே என்று தோன்றும். சரியில்லை. ஊசி போட்ட 95 பேரில் எல்லோருக்கும் முழு எதிர்ப்பு வருவதில்லை. வைத்துக்கொள்வோம், 85 வீதமானவர்களுக்கு நன்றாகப் பிடிக்கிறது. 95இல் 85 வீதம் என்றால் 81. அதுவும் ஊசி போட்ட புதிதில். கக்குவானுக்கு எதிரான சக்தி தேய்ந்துபோகும். ஊசியால் வந்தது நாலு முதல் 12 ஆண்டு, நோயே வந்து தேறியதால் கிடைத்தது நாலு முதல் 20 ஆண்டு என்று மதிப்பிடுகிறார்கள். ஒருமுறை குக்கல் வந்தால் ஆயுளுக்கும் திரும்பாது என்ற பழைய நம்பிக்கையும் இங்கே அடிபடுகிறது. ஆக, வாலிபர், அம்மா, அப்பா, அம்மம்மா எல்லோரையும் சேர்த்து எண்ணினால் நாங்கள் அந்த 92ஐத் தொடவே இல்லை.

குரல்பதிவின் உண்மையான பாதி இதுதான். சின்னமுத்துவை நாட்டை விட்டுத் துரத்திய மாதிரி கக்குவானை எந்த நாடும் துரத்தவில்லை. மூன்று நாலு ஆண்டுக்கு ஒருமுறை அது தலைதூக்குகிறது, ஊசி நன்றாகப் போடுகிற நாட்டிலும்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஊசி எதிர்ப்பாளர்கள் என்று நினைக்க வேண்டாம். 1982இல் போல் ஃபைன், ஜாக்குலின் கிளார்க்சன் என்ற இரண்டு தொற்றுநோயியல் ஆய்வாளர்கள் பிரித்தானியப் பதிவுகளைப் பார்த்துவிட்டு ஒரு சங்கடமான கேள்வி கேட்டார்கள். ஊசி பரவலைத் தடுத்திருந்தால், நோய் தலைதூக்கும் இடைவெளி நீண்டிருக்க வேண்டுமே, ஏன் நீளவில்லை? அப்படியென்றால் ஊசி போட்டவரை நோயில் இருந்து காக்கிறது, கிருமி ஊருக்குள் சுற்றுவதை அவ்வளவாகத் தடுக்கவில்லை என்றுதானே பொருள்? 2000இல் பேஜ்மன் ரொஹானியும் கூட்டாளிகளும் அதே இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளை ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள். ஊசிக்குப் பிறகு இடைவெளி நீண்டிருந்தது. நோய் அறாமல் தொடர்ந்து நிற்பதற்கு முன்னரை விடப் பெரிய நகரம் தேவைப்பட்டது. சின்ன ஊர்களில் அது அடிக்கடி அற்றுப்போனது. ஆகப் பரவலும் குறைந்தது என்பது இவர்கள் முடிவு. ஒரே பதிவுகள், இரண்டு வாசிப்பு. விவாதம் இன்னும் நடக்கிறது, ஆனால் அதில் யாரும் ஊசி வேண்டாம் என்று பேசவில்லை. ஊசி செய்வது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எனக்குப் பிடித்த சான்று செனகல் நாட்டில் இருந்து வருகிறது. நியாகார் என்ற கிராமப் பகுதியில் ஒரு வளவுக்குள் பல குடும்பங்கள் சேர்ந்து இருப்பார்கள், எங்கள் ஊர் வளவு மாதிரித்தான். அங்கே வளவு வளவாகப் போய்ப் பார்த்தார்கள். ஊசி போட்டும் நோய் வந்த பிள்ளை, ஊசி போடாத நோயாளிப் பிள்ளையை விட மிகக் குறைவாகவே மற்றவருக்குக் கொடுத்தது. இருமல் குறைவு, கிருமி வெளியேறுவதும் குறைவு. முழுச் சுவர் எழும்பாவிட்டாலும் வேலி இருக்கிறது. வேலிக்குள் ஓணான் வரும், மாடு வராது.

இனி லண்டன் கதைக்கு வருவோம். அங்கே போடுகிற ஊசியும் இங்கே போடுகிற ஊசியும் ஒன்றல்ல. குரல்பதிவில் பேசியவருக்கு இது தெரியாமல் இருக்கலாம்.

முதல் நல்ல கக்குவான் ஊசியைச் செய்தவர்களில் முக்கியமானவர்கள் பேர்ல் கெண்ட்ரிக், கிரேஸ் எல்டரிங் என்ற இரண்டு பெண்கள். 1930களில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில். பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலம். பகல் முழுக்க ஆய்வுகூட வேலை, மாலையில் நோயாளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் போய் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் பிள்ளையை ஒரு தட்டில் இரும வைத்துக் கிருமியைச் சேகரித்தார்கள். அவர்கள் வழியில் வந்த ஊசி, முழுக் கிருமியைக் கொன்று செய்வது. தொண்டைக் கரப்பான் (டிப்தீரியா), ஏற்புவலி (டெட்டனஸ்) ஆகியவற்றுக்கான மருந்தோடு சேர்ந்து அதுவே முக்கூட்டு ஊசி ஆனது.

முழுக் கிருமி ஊசிக்கு ஒரு குறை. காய்ச்சல் காயும், கால் வீங்கும், பிள்ளை இரவிரவாக அழும். எங்கள் கிளினிக்கில் மிஸ் "பனடோல் இருக்கா வீட்ட?" என்று கேட்டு அனுப்புவது இதற்காகத்தான். ஜப்பானியர்கள் கிருமியின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து 1981இல் புது ஊசி கொண்டுவந்தார்கள். காய்ச்சல் குறைவு. பணக்கார நாடுகள் 1990களில் இருந்து ஒவ்வொன்றாக அதற்கு மாறின. பிரித்தானியா 2004இல் மாறியது.

மாறிய பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. புது ஊசியின் பலம் விரைவாகத் தேய்கிறது. 2010இல் கலிபோர்னியாவில் 9,000க்கு மேற்பட்டோருக்குக் கக்குவான், பத்துக் கைக்குழந்தைகள் இறந்தன. 2012இல் அமெரிக்கா முழுவதும் 48,000க்கு மேல். 2013 முடிவில் அமெரிக்க அரச ஆய்வாளர்கள் பபூன் குரங்குகளில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். புது ஊசி போட்ட குரங்குக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி ஐந்து வாரமளவு அதன் தொண்டையில் இருந்தது. பக்கத்தில் விட்ட ஊசி போடாத குரங்குக்கு அதைக் கொடுக்கவும் செய்தது. பழைய முழுக் கிருமி ஊசி போட்ட குரங்கில் 18 நாளளவில் கிருமி போய்விட்டது. குரங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் லண்டனில், கலிபோர்னியாவில் நடப்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

இலங்கையின் அரச கிளினிக்குகளில் இன்றும் போடுவது பழைய முழுக் கிருமி வகை. காய்ச்சல் தருகிற, மலிவான, ஆனால் பரவலைக் கூடுதலாகத் தடுக்கிற வகை. வெளிநாட்டு உறவுகள் "எங்கட நாட்டு ஊசிக்குக் காய்ச்சலே வராது" என்று பெருமைப்படும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். காய்ச்சலுக்குக் கொடுத்த விலை அவர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. இதைச் சொல்வதால் அந்த நாட்டு ஊசி உதவாது என்று ஆகாது, நோயில் இருந்தும் சாவில் இருந்தும் அது நன்றாகவே காக்கிறது. குறைவாகக் காப்பது, பக்கத்தில் இருப்பவரைத்தான்.

ஊசி போட்டவர்களுக்குத்தான் நோய் வருகிறது என்ற கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பார்ப்போம். ஒரு பள்ளிக்கூடத்தில் 200 பிள்ளைகள் என்று வையுங்கள். 190 பேர் ஊசி போட்டவர்கள், பத்துப் பேர் போடாதவர்கள். நோய் வருகிறது. போட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு, அதாவது 19 பேருக்கு. போடாதவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்த 27 பேரில் 19 பேர் ஊசி போட்டவர்கள்! முகநூலில் போட இது போதும். ஊசி போடாத பிள்ளைக்கு ஆபத்து எட்டு மடங்கு என்பதும் இதே எண்களில்தான் இருக்கிறது, அதை யாரும் போடுவதில்லை.

ஊசியை நிறுத்திப் பார்த்த நாடுகளும் உண்டு. 1950களுக்கு முன் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சராசரியாக 120,000க்கு மேல் கக்குவான் பதிவாகும். நோயில் சாவது அதற்கு முன்பே குறைந்து வந்தது உண்மை. நல்ல சாப்பாடு, நல்ல வீடு எல்லாம் காரணம். ஆனால் நோய் வருவது குறையவில்லை. ஊசி 80 வீதத்தை எட்டிய 1972இல் பதிவானது 2,069 மட்டும். 1974இல் லண்டன் மருத்துவமனை ஒன்றின் டொக்டர்கள், முக்கூட்டு ஊசிக்குப் பின் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த 36 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். தொலைக்காட்சி பிடித்துக்கொண்டது. 1978இல் ஊசி 30 வீதத்துக்கு இறங்கியது. 1977 முதல் 1979 வரையும், 1981 முதல் 1983 வரையும் இரண்டு பெரும் பரவல்கள். ஜப்பானில் ஊசிக்குப் பின் இரண்டு பிள்ளைகள் இறந்ததால் 1975இல் நிறுத்தினார்கள். 1979இல் 13,000 பேருக்கு நோய், 41 சாவு. சுவீடன் 1979இல் நிறுத்திவிட்டு 1996இல் திரும்பத் தொடங்கியது.

அந்த மூளைப் பாதிப்பு? 2006இல் அவுஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச்சும் கூட்டாளிகளும், ஊசியால் வந்தது என்று சொல்லப்பட்ட மூளைப் பாதிப்புள்ள 14 பேரின் மரபணுவைப் பார்த்தார்கள். 11 பேருக்கு டிராவே என்ற கடும் வலிப்பு நோயை உண்டாக்கும் மரபணு மாற்றம் இருந்தது. பிறக்கும்போதே கூட வந்தது. ஊசியின் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முந்தி வரவைத்திருக்கலாம், நோயைத் தந்தது அதுவல்ல. முப்பது ஆண்டு அந்தப் பெற்றோர்கள் ஊசி போட்ட நாளை நினைத்துத் தங்களையே நொந்துகொண்டிருந்திருப்பார்கள்.

எங்கள் நாட்டிலும் ஒருமுறை நின்றது. முக்கூட்டு ஊசி 1961இல் வந்தது. நோய்த்தடுப்பு விரிவாக்கத் திட்டம் 1978இல். 2008 ஜனவரியில் முக்கூட்டோடு செங்கண்மாரி பி, ஹிப் (பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஒரு பக்டீரியா) இரண்டுக்குமான மருந்தைச் சேர்த்த ஐங்கூட்டு ஊசியைத் தொடங்கினார்கள். சில சிசுக்கள் இறந்ததாக முறைப்பாடு வந்தது, ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் கக்குவான் ஊசியை விடவில்லை. பழைய முக்கூட்டு ஊசியைத் திரும்ப எடுத்தார்கள், ஐங்கூட்டை நிபுணர்கள் ஆராய்ந்தார்கள், சாவுகளுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்ட பிறகு 2010இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். பிரித்தானியாவில் விழுந்த நம்பிக்கை இங்கே விழாமல் போனதற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சந்தேகப்பட்டவர்களை ஏசாமல், சந்தேகத்தை எடுத்துப் பார்த்தார்கள்.

இன்னொரு காரணம், ஊசி மருந்தை ஊர் ஊராகக் கொண்டுபோகிற மருத்துவமாது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைக்காரருக்கு இது பெரிதாகத் தெரியாது, மேற்கே உள்ள படுவான்கரைக்காரரைக் கேட்க வேண்டும். வாவிக்கு மேற்கே யுத்த காலத்தில் ஊசி மருந்து போவதென்றால் சோதனைச்சாவடி, பிறகு பாதை. பாதை என்றால் வெளியூர்க்காரர் தெரு என்று நினைப்பார்கள், எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற இயந்திரப் படகு. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். மண்டூருக்குக் குருமண்வெளியில் இருந்து பாதையில்தான் போவார்கள். குளிர்ப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு வெயிலை விட ஐஸ் மீது கூடுதல் பயம் இருக்க வேண்டும். ஐங்கூட்டு, முக்கூட்டு ஊசிகள் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டியவை. கொஞ்ச நேர வெக்கையைத் தாங்கும், உறைந்தால் உதவாது. ஐஸ் கட்டியோடு ஒட்டி உறைந்த மருந்து பார்வைக்குப் பழையபடியே இருக்கலாம், பிள்ளைக்குப் பலன் தராது. கிளினிக் கொப்பியில் திகதி இருக்கும், உடம்பில் எதிர்ப்பு இருக்காது.

மாவட்ட வீதத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியாது என்று நான் சொல்வது இதனாலும்தான். 95 வீதம் என்பது ஊர் முழுக்கச் சமமாகத் தூவிய விதை அல்ல. ஓர் ஒழுங்கையில் எல்லோரும் போட்டிருப்பார்கள், அடுத்த ஒழுங்கையில் ஒரு பெரியவரின் பேச்சைக் கேட்டு நாலு வீட்டில் போட்டிருக்க மாட்டார்கள். போடாதவர்கள் பெரும்பாலும் ஒருவரோடு ஒருவர் பழகுகிறவர்கள். கிருமிக்குத் தேவை அந்த நாலு வீடுதான். காத்தான்குடி மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் இதற்கு வேகமும் கூடும். சின்னமுத்துவே இதைக் காட்டியது. 2019இல் இலங்கை சின்னமுத்துவை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. 2023இல் அது திரும்ப வந்தது. 2024 ஜனவரியில், ஒன்பது மாதம்வரை காத்திருக்காமல் ஆறு மாதப் பிள்ளைக்கே கூடுதலாக ஓர் ஊசி போட முடிவெடுத்த ஒன்பது சுகாதாரப் பிரிவுகளில் கல்முனையும் ஒன்று. சின்னமுத்து ஊசியின் எதிர்ப்பு நெடுங்காலம் நிற்கும், பரவலையும் நன்றாகத் தடுக்கும். அதிலேயே ஓட்டை விழுகிறதென்றால் கக்குவானில் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் அட்டவணையில் கக்குவான் மருந்து உள்ள ஊசி நாலு: இரண்டு, நாலு, ஆறு மாதங்களில் ஐங்கூட்டு, 18ஆம் மாதம் முக்கூட்டு. ஐந்து வயதில் போடுவதில் கக்குவான் மருந்து இல்லை, ஏற்புவலியும் தொண்டைக் கரப்பானும் மட்டும். பள்ளிக்கூடத்தில் பிறகு போடுவதிலும் இல்லை. ஆக, ஏழாம் எட்டாம் வகுப்புக்கு வரும்போது எதிர்ப்புத் தேய்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு மூன்று கிழமை இருமினால் வீட்டில் "தூசு பிடிச்சிட்டு" என்போம். இருமலோடு அது தம்பிப் பாப்பாவைத் தூக்கும்.

பிரித்தானியா இந்த இடத்தில் ஒரு நல்ல வழி கண்டது. 2012இல் அங்கே 14 கைக்குழந்தைகள் கக்குவானால் இறந்தன. அந்த ஒக்டோபரில் இருந்து கர்ப்பிணிகளுக்கே ஊசி போடத் தொடங்கினார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகிறது. முதல் இரண்டு மூன்று மாதம் அது காக்கிறது, பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு. ஊரையே சுவராக்கும் முயற்சியை விட்டுவிட்டு, தாயையே கவசமாக்குகிற யோசனை. கோவிட் காலத்துக்குப் பிறகு அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் தாய்மார் குறைந்தார்கள், 70 வீதத்துக்கு மேல் இருந்தது 60ஐ ஒட்டி இறங்கியது. 2024இல் இங்கிலாந்தில் 14,000க்கு மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் உறுதிப்பட்டது, கைக்குழந்தைகளும் இறந்தன. குரல்பதிவில் வந்த "இஞ்ச பரவுது" என்ற பேச்சின் முன்கதை இது. எங்கள் தேசிய அட்டவணையில் கர்ப்பிணிக்கு இருப்பது ஏற்புவலி ஊசி. கக்குவானையும் சேர்ப்பதா என்பது விலை, நோயின் அளவு எல்லாவற்றையும் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு, எடுக்கக் கூடாத முடிவு அல்ல.

அதுவரை எங்கள் வீடுகளில் செய்யக்கூடியது ஒன்றிரண்டுதான். இரண்டாம் மாத ஊசியைத் தள்ளிப்போடாமல் இருப்பது முதலாவது. இலேசான தடிமனைக் காட்டி "அடுத்த கிளினிக்குக்குப் போவம்" என்று விடுகிற வழக்கம் எங்களிடம் உண்டு. தடிமன் ஒரு தடையல்ல, கடும் காய்ச்சல் என்றால் மட்டும் டொக்டர் சொல்வதைக் கேட்கலாம். முதல் ஊசியிலேயே கடும் நோயின் ஆபத்து குறையத் தொடங்குகிறது. ஒரு மாதம் தள்ளினால், பிள்ளை ஒன்றும் இல்லாமல் இருக்கிற காலம் ஒன்றரை மடங்காகிறது.

மற்றது வீட்டுக்கு வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பெறுவது தாய்வீட்டில்தான். பத்தியக்கறி, மருந்துச் சரக்கு, ஊரார் உறவார். தமிழ் வீட்டில் முப்பத்தொன்று, முஸ்லிம் வீட்டில் நாற்பது. அதுவரை துடக்கு என்று சனம் ஒதுங்கி நின்றது, காரணம் எதுவாக இருந்தாலும், பிள்ளைக்கு நல்லதாகத்தான் போயிற்று. முப்பத்தோராம் நாள் கதவு திறக்கிறது. ஒருவர் கையில் இருந்து ஒருவர் கைக்குப் பிள்ளை போகிறது, எல்லோரும் கொஞ்சுகிறார்கள். இரண்டாம் மாத ஊசிக்கு இன்னும் நாலு கிழமை இருக்கும்.

மருமகளிடம் இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. இருமலோ மூக்குச்சளியோ உள்ளவர்கள், லண்டனோ களுவாஞ்சிகுடியோ, பிள்ளையைத் தூக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு கிழமைக்கு மேல் இருமுகிறவர் டொக்டரைப் பார்க்கட்டும். கக்குவான் என்று மருந்து தொடங்கினால் ஐந்து நாள் கழிய மற்றவருக்குத் தொற்றாது. அவள் தயங்கினாள். சித்தப்பா வருவது பிள்ளைக்குச் சங்கிலி போட, அவரிடம் எப்படிச் சொல்வது?

என் தங்கச்சி சொல்லிவிட்டாள். சித்தப்பாவின் மூத்த பொடியனுக்கு விமானத்தில் இருந்தே இருமல். அவனை விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, பிள்ளையை யன்னலுக்குள்ளால் காட்டினார்கள். ஒரு கிழமையில் இருமல் போய்விட்டது, வெறும் தடிமன்தான். பொடியனுக்குக் கொஞ்சம் மனவருத்தம். பிள்ளைக்கு இரண்டாம் மாத ஊசி அறுபத்திரண்டாம் நாள் போட்டார்கள், அன்றிரவு 38 பாகைக் காய்ச்சல், விடிய இறங்கிவிட்டது.